இலை உதிர்ந்த தோட்டத்தில் எப்போது, எதைப் பார்ப்பது?

முதல் குளிர்காலம் முழுக்க என் வீட்டுக் கொல்லையை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். மொட்டை மரம், கருகிய தண்டுகள், சேற்று நிறத்தில் புல். அங்கே ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அடுத்த வருடம் வெளியே இறங்கிப் போனேன். போயும் எதுவும் கண்ணில் படவில்லை. நான் போனது நண்பகலில், நின்றது ஆளுயரத்தில். போதாக்குறைக்கு, பார்த்திருக்க வேண்டியதில் பாதியை இலையுதிர் காலத்திலேயே வெட்டிச் சுத்தம் செய்து குப்பையில் போட்டிருந்தேன். மூன்றாம் குளிர்காலத்தில்தான் பார்க்கப் பழகினேன்.

அந்த இரண்டு வருடம் உங்களுக்கும் வீணாகப் போகக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இரவில் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர்கிற எந்த ஊருக்கும் இது பொருந்தும். வடகோளத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, தென்கோளத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய தோட்டம் தேவையில்லை. நான்கு தொட்டிகளும் ஒரு வேலியும் இருந்தாலே போதும்.

1. கையில் என்ன வேண்டும், எதற்குச் செலவு செய்யக் கூடாது

வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று: 10 மடங்கு பெரிதாக்கும் சின்னக் கைலென்ஸ். மற்றவை பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும். ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு சின்ன ஸ்கேல், உள்ளங்கையளவு கறுப்புத் துணி, மண்டியிட ஒரு பழைய பாய். பேனா வேண்டாம், குளிரில் மை இறங்காது. பென்சில் எந்தக் குளிரிலும் எழுதும்.

கேமராவும் பைனாகுலரும் முதல் வருடம் வாங்காதீர்கள். அந்தக் காசை நல்ல காலுறைக்கும் காலணிக்கும் போடுங்கள். நடக்கும்போது போதுமாக இருக்கும் உடை, அசையாமல் நிற்கும்போது போதாது. வழக்கத்தைவிட ஓர் அடுக்கு கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். கால் விறைத்துவிட்டால் 5 நிமிடம்கூட நிற்க முடியாது. எதையும் பார்க்காமல் திரும்பி வருகிறவர்களில் பெரும்பாலோர் குளிர் தாங்காமல்தான் வருகிறார்கள்.

லென்ஸைப் பிடிக்கும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் ஒரு மாதம் தவறாகப் பிடித்திருந்தேன். பொருளுக்கு மேலே லென்ஸை வைத்துவிட்டு நாம் எட்டி நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. லென்ஸைக் கண்ணை ஒட்டி வைத்துக்கொண்டு, பொருளை லென்ஸுக்கு 2.5 செ.மீ. தூரம் வரை கொண்டுவாருங்கள். எடுக்க முடியாத பொருள் என்றால் தலையை அதனருகே கொண்டுபோங்கள். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு மூச்சுக் காற்று போதும், லென்ஸும் மங்கிவிடும், பார்த்துக்கொண்டிருந்த பனியும் உருகிவிடும்.

2. ஒரு சதுர மீட்டரைத் தேர்ந்தெடுங்கள்

தோட்டம் முழுவதையும் பார்க்கப் போனால் எதுவும் மனசில் நிற்காது. ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு புதர் அல்லது சின்ன மரம், கொஞ்சம் வெறும் மண், பழைய மரக்கட்டையோ கல்லோ ஒன்று, காலை வெயில் எட்டும் திசை, இந்த நான்கும் அமைந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. அந்த இடத்துக்குத்தான் குளிர்காலம் முழுக்கப் போகப் போகிறீர்கள். நேற்று எப்படி இருந்தது என்று தெரிந்தால்தானே இன்று மாறியிருப்பது கண்ணில் படும்.

அந்தப் புதரில் ஒரு கிளையின் நுனிக்குக் கீழே ஒரு சிவப்பு நூலைத் தளர்வாகக் கட்டி வையுங்கள். அந்த நுனியிலுள்ள மொட்டை வாரம் ஒருமுறை ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுங்கள். நூல் பின்னால் தேவைப்படும்.

3. நேரம்தான் முக்கியம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். கோடைத் தோட்டம் நாள் முழுக்கத் தன்னைக் காட்டிக்கொண்டே இருக்கும். குளிர்காலத் தோட்டம் அப்படியில்லை. அது காட்டுவது ஒரு நாளில் சில நிமிடங்கள் மட்டும்.

சூரியன் எழுவதற்கு 15 நிமிடம் முன்னால் இறங்கிப் போய், எழுந்தபின் 45 நிமிடம் வரை நில்லுங்கள். இரவு முழுக்கத் தரை வெப்பத்தை இழந்துகொண்டே போவதால், ஒரு நாளின் மிகக் குளிர்ந்த பொழுது பெரும்பாலும் விடியலை ஒட்டித்தான் வரும். பனி முழுதாக இருப்பதும் அப்போதுதான்.

எந்த நாள் போவது என்பதை முந்தைய இரவே தெரிந்துகொள்ளலாம். வானம் தெளிந்து நட்சத்திரம் தெரிகிறது, காற்றும் இல்லை என்றால் காலையில் உறைபனிக்கு வாய்ப்பு அதிகம். மேகம் மூடியிருந்தால் தரையின் வெப்பத்தை அது தடுத்துத் திருப்பி அனுப்பும், அன்றைக்குத் தூங்கலாம். வானிலை அறிக்கையில் 2 அல்லது 3 டிகிரி என்று போட்டிருக்கிறதே, உறையாது என்று இருந்துவிடாதீர்கள். அந்த அளவு தரைக்கு மேலே ஆளுயரக் காற்றில் எடுப்பது. தெளிந்த இரவில் புல்லும் இலையும் அந்தக் காற்றைவிடக் குளிர்ந்து பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். அறிக்கையை நம்பி எத்தனையோ நல்ல காலைகளைத் தூங்கிக் கழித்திருக்கிறேன்.

காலையில் முடியாதவர்களுக்கு மாலையில் சூரியன் மறைவதற்கு முந்தைய அரை மணி நேரம் இருக்கிறது. குளிர்கால வெயில் நாள் முழுக்கவே தாழ்வாக, பக்கவாட்டில்தான் வரும். செடி உங்களுக்கும் வெயிலுக்கும் நடுவில் வருகிற மாதிரி நில்லுங்கள். காய்ந்த தண்டின் மீதுள்ள ரோமம், விதைத்தலையின் முள், அறுந்து தொங்கும் சிலந்தி இழை எல்லாம் ஓரத்தில் ஒளி கட்டி நிற்கும். சூரியனையே நேராகப் பார்க்காமல் அது ஒரு தண்டுக்கோ வேலிக்கோ பின்னால் மறையும்படி நின்றுகொள்ளுங்கள்.

4. உறைபனி: முதலில் இதிலிருந்து தொடங்குங்கள்

வெண்பனி பெய்யும் வரை காத்திருக்கிறவர்கள் உறைபனியைத் தவறவிடுகிறார்கள். எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் உறைபனியைத்தான் எடுப்பேன். வெண்பனி எல்லாவற்றையும் மூடிவிடும். உறைபனி ஒவ்வொன்றையும் கோடிட்டுக் காட்டும்.

இது உறைந்த பனித்துளி அல்ல. காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகாமல் நேரே படிகமாகி ஒட்டுவது. எங்கே மெல்லிய விளிம்பும் முனையும் இருக்கிறதோ அங்கே முதலில் வளரும். அதனால் இலையின் நடுவைவிட ஓரத்தைப் பாருங்கள்.

ஒரு காலை, உதிர்ந்து கிடந்த ஓக் இலை ஒன்றை மண்டியிட்டுப் பார்த்தேன். ஓரம் முழுக்க ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் சீப்புப் பல்லைப் போல வெள்ளை ஊசிகள். நரம்புகள் எழும்பியிருந்த இடங்களில் மட்டும் தடித்து, இலையின் உள்படம் முழுவதும் வெள்ளையில் வரைந்த மாதிரி இருந்தது. வேலியின் இடுக்கு வழியாக ஒரு விரல் அகலத்துக்கு வெயில் வந்து இலையின் ஒரு பக்கத்தில் விழுந்தது. ஊசிகளின் நுனி முதலில் மங்கியது. பிறகு ஒவ்வொன்றும் சுருங்கி ஒரு சொட்டாகி, பக்கத்துச் சொட்டோடு சேர்ந்து, நரம்பு வழியே காம்பை நோக்கி ஓடியது. வெயில் படாத பாதி அப்படியே வெள்ளையாக நின்றது. நான்கு நிமிடம் இருக்கும். வெயில் நகர்ந்து மற்ற பாதியையும் தொட்டபோது அது வெறும் ஈரமான பழுப்பு இலை. ஐந்து நிமிடம் தாமதமாக வந்திருந்தால் நான் மிதித்துக்கொண்டே போயிருப்பேன்.

இதே காலையில் இன்னும் மூன்றைத் தேடுங்கள்.

நிழல் பனி. வெயில் ஏறியபின்னும் வேலியின் நிழலும் மரத்தின் நிழலும் விழும் இடத்தில் மட்டும் பனி உருகாமல் நிற்கும். புல்தரையில் மரத்தின் நிழல் வெள்ளையாகப் படிந்திருக்கும். சூரியன் நகர நகர ஓரம் கரையும்.

ஊசிப்பனி. மண் ஈரமாக, உள்ளே பூச்சியத்துக்கு மேலே, மேலே உள்ள காற்று பூச்சியத்துக்குக் கீழே இருக்கும்போது மண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் மேலேறி உறைந்து மெல்லிய தூண்களாக வளரும். மண் துகளையும் கூழாங்கல்லையும் தலையில் தூக்கிக்கொண்டு நிற்கும். வெறும் மண் லேசாக உப்பியிருப்பதாகத் தோன்றினால் ஓரத்தில் ஒரு குச்சியால் மெல்லத் திறந்து பாருங்கள். சில சென்டிமீட்டர் நீளத்தில் கண்ணாடி இழைகளாக நெருங்கி நிற்கும்.

முடிப்பனி. இது எல்லாருக்கும் கிடைக்காது, கிடைத்தால் விடாதீர்கள். பட்டை உரிந்து ஈரமாகக் கிடக்கும் இலையுதிர் மரத்தின் செத்த கிளையில், பூச்சியத்துக்குச் சற்றே கீழான அமைதியான இரவுக்குப் பிறகு, வெள்ளை முடியை வாரிவிட்ட மாதிரிப் பனி வளர்ந்திருக்கும். ஒவ்வொரு முடியும் சுமார் 0.02 மி.மீ. தடிமன்தான். மரத்துக்குள் வாழும் ஒரு பூஞ்சைதான் இதற்குக் காரணம். ஜெர்மன் விஞ்ஞானி ஆல்ஃபிரட் வெகனர் 1918இலேயே பூஞ்சை என்று ஊகித்தார். 2015இல்தான் அது எந்தப் பூஞ்சை என்பது உறுதியானது. அழுகிய கிளையை எரித்துவிடாமல் ஒரு மூலையில் போட்டு வைக்க இது ஒன்றே போதுமான காரணம்.

எச்சரிக்கை: உறைந்த புல்லின் மேல் நடக்காதீர்கள். உறைந்த புல் மிதித்தால் நொறுங்கும். உங்கள் காலடித் தடம் பழுப்பாகப் பல வாரம் நிற்கும். பாதையில் நின்று குனியுங்கள். படிக்கட்டில் முதல் அடியைப் பார்த்து வையுங்கள். கண் பனியின் மேல் இருக்கும்போதுதான் கால் வழுக்கும்.

5. மொட்டைக் கிளையைப் படிப்பது

உறைபனி இல்லாத நாளில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மரத்தைப் பாருங்கள். இதற்கு அதிகாலையும் வேண்டாம், வெளிச்சம் இருந்தால் போதும்.

மொட்டுகள் வசந்தத்தில் உருவாவதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். அவை போன கோடையிலேயே உருவாகி, செதில்களுக்குள் மூடிக்கொண்டு காத்திருப்பவை. வரப்போகும் இலை ஏற்கெனவே மடித்து உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது. சந்தேகமாக இருந்தால் காற்றில் முறிந்து விழுந்த குச்சியில் தடித்த ஒரு மொட்டை நெடுக்காகப் பிளேடால் கீறி லென்ஸில் பாருங்கள். பச்சை மடிப்புகள் தெரியும். மரத்தில் இருப்பதை வெட்ட வேண்டாம்.

இந்த வரிசையில் பாருங்கள். முதலில் மொட்டுகள் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறிமாறி இருக்கின்றனவா? மேப்பிளில் எதிரெதிர், ஓக்கிலும் பீச்சிலும் மாறிமாறி. இலை இல்லாமலே மரத்தை இனம் காண இது முதல் படி. அடுத்து மொட்டின் மேற்பரப்பு. பீச்சின் மொட்டு நீண்டு கூராக இருக்கும். மக்னோலியாவின் பூமொட்டு பூனைக்குட்டியின் காதைப் போல ரோமம் போர்த்தியிருக்கும். ஹார்ஸ் செஸ்ட்நட்டின் மொட்டு பிசினால் மினுங்கும், விரலில் ஒட்டும். பழ மரங்களில் பருத்து உருண்டிருப்பது பெரும்பாலும் பூமொட்டு, மெலிந்து கூராக இருப்பது இலைமொட்டு. இந்த வருடம் மரம் எவ்வளவு பூக்கும் என்பதைக் குளிரிலேயே எண்ணிவிடலாம்.

மொட்டுக்குக் கீழே இலை ஒட்டியிருந்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். அதற்குள் புள்ளி புள்ளியாகத் தெரிவது இலைக்குத் தண்ணீர் போன குழாய்களின் அறுந்த முனைகள். ஹார்ஸ் செஸ்ட்நட்டில் இது ஆணி அடித்த குதிரை லாடத்தைப் போலவே இருக்கும்.

இனி எனக்கு மிகவும் பிடித்தது. கிளை நுனியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். ஓரிடத்தில் கிளையைச் சுற்றி நெருக்கமான மெல்லிய வளையங்கள் தெரியும். போன வசந்தத்தில் நுனிமொட்டின் செதில்கள் உதிர்ந்த தடம் அது. நுனியிலிருந்து அந்த வளையம் வரை ஒரு வருட வளர்ச்சி. அங்கிருந்து அடுத்த வளையம் வரை அதற்கு முந்தைய வருடம். ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். என் மேப்பிளில் கடைசி வருடம் 31 செ.மீ., அதற்கு முந்தையது 19, அதற்கும் முந்தையது வெறும் 4. அந்த 4 செ.மீ. வருடத்தில்தான் அந்த மரத்தை வேரோடு எடுத்து இடம் மாற்றி நட்டிருந்தேன். அது பட்ட பாடு அப்படியே கிளையில் எழுதியிருந்தது. குளிரில் கையுறையைக் கழற்றிவிட்டு அந்த 4 செ.மீ. மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

6. மழையும் ஈரமுமான நாட்கள்

வெளியே போகவே மனம் வராத சாம்பல் நிற ஈர நாள்தான் பாசிக்கும் லைக்கனுக்கும் நல்ல நாள். காய்ந்திருக்கும்போது பாசி சுருங்கி மங்கிக் கிடக்கும். ஈரம் பட்டால் நிமிடக் கணக்கில் இலை விரிந்து பச்சை ஏறும். காய்ந்த பாசி கிடைத்தால் நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டு லென்ஸில் பார்த்துக்கொண்டே இருங்கள், கண்ணெதிரே நடக்கும். அதன் மேல் முடி போன்ற காம்புகளில் நிற்கும் சின்னப் பெட்டிகள் வித்துப் பெட்டிகள். பலவற்றுக்கு மூடியும் உண்டு.

லைக்கன் ஒரு பூஞ்சையும், ஆல்கா என்ற நுண்ணுயிரும் சேர்ந்து வாழும் உயிர். வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. ஆகையால் சுரண்டிப் பார்க்காதீர்கள். மரத்துக்கு அது கேடு செய்வதில்லை.

7. வெண்பனி பெய்தால்

கறுப்புத் துணியை முன்கூட்டியே 15 நிமிடம் வெளியே குளிர வையுங்கள். வீட்டுச் சூட்டோடு கொண்டுபோனால் விழுந்த படிகம் அந்த நொடியே தண்ணீராகும். தூறலாகப் பெய்யும்போது துணியை நீட்டி, விழுவதை லென்ஸில் பாருங்கள். எல்லாப் படிகமும் படத்தில் வரும் நட்சத்திரம் போல இருக்காது. மேகத்துக்குள் சுமார் மைனஸ் 15 டிகிரி இருந்தால் கிளைவிட்ட ஆறுகர நட்சத்திரம், மைனஸ் 5 அளவில் ஊசி. உங்கள் வீட்டுத் தெர்மாமீட்டரில் தெரிவது தரையின் அளவு. அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஊசியாக விழுந்தால் ஏமாற்றம் வேண்டாம். தலைக்கு மேலே மேகத்தில் எவ்வளவு குளிர் என்று அது சொல்கிறது.

பனி நின்ற மறுநாள் காலை தடம் பாருங்கள். குருவிகள் தத்துவதால் தடம் ஜோடி ஜோடியாக விழும். காகமும் புறாவும் நடந்தால் ஒன்றன்பின் ஒன்றாக. அணில், முயல் தடங்களில்தான் புதியவர்கள் திசையை மாற்றிப் படிப்பார்கள். பாய்ந்து ஓடும்போது பெரிய பின்னங்கால்கள் சின்ன முன்னங்கால்களுக்கு முன்னால் போய் விழும். ஆகவே பெரிய தடம் இருக்கும் பக்கம்தான் அது போன பக்கம்.

குளிர் தணிந்த பகலில் மரத்தடிப் பனியின் மேல் கரித்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் தள்ளிவிடாதீர்கள். ஸ்பிரிங்டெயில் என்ற, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள உயிர்கள் அவை. வயிற்றுக்கடியில் மடக்கி வைத்த வாலைத் தரையில் அடித்துத் துள்ளும். லென்ஸைக் கொண்டுபோனால் பார்வையிலிருந்து எகிறி மறையும்.

8. பறவையும் பூச்சியும்: தொந்தரவு செய்யாமல்

அசையாமல் 15 நிமிடம் உட்காருங்கள். முதலில் பறந்துபோனவை திரும்பி வரும். சின்னப் பறவைகள் பந்து போல உப்பி உட்காருவது இறகுகளுக்கிடையே காற்றைப் பிடித்துக் குளிரைத் தடுக்க. ஒரு காலை இறகுக்குள் இழுத்துக்கொண்டு மற்றதில் நிற்பதும் அதற்கே. இரவில் உடற்கொழுப்பை எரித்துத் தீர்த்த பறவைக்கு விடியற்காலை இரை மிக அவசியம். அந்த நேரத்தில் அதைப் பறக்க வைப்பது அதன் உயிருக்கே பாரம். நெருங்காதீர்கள்.

காய்ந்த உள்ளீடற்ற தண்டுகள், பட்டை இடுக்கு, சருகு மெத்தை ஆகியவற்றில் பூச்சிகள் உறங்குகின்றன. வேலி இடுக்கில் சிவப்புப் புள்ளிவண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதைப் பார்க்கலாம். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்டைப் பிளப்பது, பட்டையை உரிப்பது, உள்ளே சூட்டுக்குக் கொண்டுவருவது மூன்றும் அவற்றைக் கொன்றுவிடும்.

9. நோட்டில் என்ன எழுதுவது

தேதி, மணி, வெப்பநிலை, வானம், கண்ட ஒன்று. ஐந்தும் ஒரே வரியில். "டிசம்பர் 19, 7.40, மைனஸ் 3, தெளிவு, ஓக் இலை ஓரத்தில் மட்டும் ஊசி." இவ்வளவு போதும். பெயர் தெரியாவிட்டால் அதைத் தேடி நின்றுவிடாதீர்கள். வரைந்து வையுங்கள், கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. வரைய வேண்டும் என்றால் எத்தனை செதில், எந்தப் பக்கம் வளைவு என்று கண் எண்ணியாக வேண்டும். போனில் படம் எடுத்தால் எண்ணுவதில்லை. எடுத்தே ஆக வேண்டுமானால் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து எடுங்கள். பனியில் படம் சாம்பல் நிறமாக வரும், வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். போனை உட்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும்.

சூரியன் எழும், மறையும் நேரத்தையும் குறியுங்கள். டிசம்பர் 21 அல்லது 22 வடகோளத்தின் மிகச் சிறிய பகல். ஆனால் பூமத்திய ரேகைக்கும் துருவத்துக்கும் நடுப்பட்ட ஊர்களில் மாலை அதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே நீளத் தொடங்கிவிடும், காலையோ ஜனவரி தொடக்கம் வரை தாமதமாகிக்கொண்டே போகும். மாலை திரும்பிய அந்த நாளை என் நோட்டில் நானே கண்டுபிடித்தபோது வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

10. குளிர்காலம் முடியும்போது

முதல் வெயில் நாளில் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். பகல் வெப்பம் தொடர்ந்து 10 டிகிரிக்கு மேல் நிற்கும் வரை காய்ந்த தண்டுகளை விட்டுவையுங்கள். வெட்டினாலும் ஒரு மூலையில் சாய்த்து வையுங்கள், உள்ளே இருப்பவை தாமாக வெளியேறட்டும்.

குளிர்காலக் கடைசியில் பூக்கும் சின்ன வெள்ளைப் பூச்செடியான ஸ்னோடிராப் இருந்தால் கடைசிப் பனிகளில் அதைக் கவனியுங்கள். கடும் உறைபனியில் தரையோடு சாய்ந்து கிடக்கும்; செத்தது என்று பிடுங்கிவிடாதீர்கள். வெயில் ஏறினால் நிமிரும்.

அப்புறம் அந்தச் சிவப்பு நூல். வாரம் ஒருமுறை நுனிமொட்டை அளந்து எழுதிக்கொண்டு வந்திருப்பீர்கள். பல வாரம் ஒரே எண்தான் வந்திருக்கும். ஒரு நாள் ஒரு மில்லிமீட்டர் கூடும். செதில்களுக்கிடையே வெளிறிய கோடு ஒன்று தெரியும். அதற்குப் பிறகு தினமும் போங்கள், வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் ஒரு நிமிடம். செதில்கள் உதிர்ந்ததும் அவை இருந்த இடத்தில் புது வளையம் தெரியும். நூலை அவிழ்த்து அந்த வளையத்துக்குக் கீழே கட்டுங்கள். அடுத்த குளிர்காலத்தில் ஸ்கேலை வைக்க வேண்டிய இடம் அதுதான்.